விரல்காலா, நூல்காலா

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி, என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மலாக்காவில் ஒரு தோழியைப் பார்க்க என்றேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்லியிருந்தால் எனக்குப் பின்னால் நின்ற வரிசை என்னைச் சபித்திருக்கும்.

நானும் கோமதி அக்காவும் சில ஆண்டுகளாக ஓர் ஓட்டு அமீபாவின் பின்னால் அலைந்துகொண்டிருந்தோம். அமீபா என்றால் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த அதே உருவமற்ற சொட்டுதான். சில வகைகள் மட்டும் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு ஈரப் பாசியில் வாழும். எங்களுடையது மணல்துகளைப் பொறுக்கி ஒட்டிக் கட்டுகிற வகை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்த கூஜா மாதிரி இருக்கும். ஒரு தலைமுடியின் பருமன் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் நீளம். அந்தக் கழுத்துக்குள், குறுக்கே, ஒரு சின்னத் தட்டு. அப்படியொரு தட்டு இதுவரை விவரிக்கப்பட்ட எந்தப் பேரினத்திலும் இல்லை.

கண்டுபிடித்தவர் அக்காதான். மலாக்காவில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். பேச்சிப்பாறைப் பாசிகளைப் பற்றி நான் எழுதியிருந்த சிறு கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதிலிருந்து படங்கள், வரைபடங்கள், சண்டைகள், மணிக்கணக்கில் போன். நேரில் மட்டும் பார்த்ததில்லை.

புதிய பேரினம் என்று எழுதி அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: இதை உங்களில் யாராவது உயிரோடு பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் காலி ஓடுகள்.

கேள்வி நியாயமானது. ஓட்டு அமீபா நகரும்போது ஓட்டின் வாய் வழியே கால்களை நீட்டும். சிலவற்றுக்கு அவை விரல் மாதிரித் தடித்தவை. சிலவற்றுக்கு நூல் மாதிரி மெலிந்தவை. இரண்டும் வெறும் கால் வித்தியாசம் இல்லை. விரல்கால் அமீபாவுக்கு நூல்கால் அமீபாவைவிட மனிதர்களாகிய நாம்தான் நெருங்கிய சொந்தம். இரண்டுமே ஓடு கட்டக் கற்றுக்கொண்டது தற்செயல். காலைப் பார்க்காமல் குடும்பம் சொல்ல முடியாது. விரல்கால் என்பது அக்காவின் கட்சி. அந்தக் கழுத்துத் தட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் வாதம் கட்டியிருந்தார். நான் நூல்கால் கட்சி.

மரபணுச் சோதனைக்கு எங்கள் இருவருக்கும் வசதி இல்லை. பாசியை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப அனுமதியும் கிடைக்கவில்லை. நீயும் வந்து பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்று அக்கா அழைத்தார். ஆகவே நான் போக வேண்டியதாயிற்று.

மலாக்கா பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார், மூடினார், சிகரெட் பற்றவைத்தார். மழை பிடித்துக்கொண்டது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் இறங்கி ஓட்டுநருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. முன் இருக்கையில் ஒரு மலாய்க்காரப் பெண் போனில் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா நான் கேட்காமலேயே மொழிபெயர்த்தார்: “மருமக ரெண்டு நாளா சமைக்கலையாம். மகன் மீ வாங்கியாந்து கொடுக்கிறானாம். எல்லா வீட்லயும் இதே கததான் லா.” மீ என்றால் நூடுல்ஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன்; ‘லா’ இவர்கள் பேச்சின் வால். மாற்று பஸ் வந்து, மழையில் ஓடி ஏறியபோது என் துணிகள் ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்தன.

பச்சைச் சுடிதாரில் வருவேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். மலாக்கா பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவரைப் பார்த்துவிட்டேன். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம், தடித்த கண்ணாடி, கையில் குடை. கையசைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து, எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பச்சை பாஜு கூரோங் அங்கி அணிந்த ஒரு மலாய் மூதாட்டியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “பிரேமா, வா மா. எளச்சிப் போய்ட்டியே” என்றார்.

மூதாட்டி திகைத்து நின்றார். பின்னால் வந்த உயரமான மனிதர், அக்காவின் கணவர் மணியம், மெல்ல அந்தக் கைகளை விடுவித்து மலாயில் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காதீர்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவர் முன்பு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டினார். இப்போது வாடகைக்குக் காடி ஓட்டுகிறார். காரை அங்கே காடி என்கிறார்கள். அவர்கள் வீடு இருக்கும் குருபோங் போய்ச் சேரும்வரை அக்கா பின்சீட்டில் என் கையைப் பிடித்தபடி பயணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். வெளியே தொழிற்சாலைக் கூரைகள், அவற்றுக்கு நடுவே ஒன்றுபோலவே ஒட்டிக் கட்டிய வீடுகள். எல்லா வாசலிலும் இரும்புக் கதவு, எல்லா வாசலிலும் ஒரு காடி. எங்கள் தெருவில் இப்படி இருந்தால் எனக்கே என் வீடு தெரியாது.

சாப்பாடு நன்றாக இருந்தது. கெளுத்தி மீன் சம்பல், பயற்றங்காய்ப் பிரட்டல், அப்பளம். சமைத்தவர் மணியம் அண்ணன். அக்கா தட்டில் சோறு எங்கே, மீன் எங்கே என்று அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எவ்வளவு நாளாக்கா?”

“போன வருஷத்துலேர்ந்து” என்றார் அக்கா. “சுகருதான். இங்க யாருக்கு இல்ல? கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சி. லேசர் வச்சாங்க, ஊசி போடுறாங்க. வலது கண்ணுல ஒண்ணுமில்ல. இடது கண்ணுல நடுவுல கறுப்பா ஒரு திட்டு, சுத்திவர கொஞ்சம் தெரியும். காலேஜ்ல சொல்லிட்டு நானே நின்னுட்டேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டே. இதுக்கு மேல இவங்களால முடியாதுன்னு வேற யாரையாச்சும் சேத்துக்கிட்டு எழுதி முடிச்சிருப்பே.”

இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே, அப்படிச் செய்திருக்க மாட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கடந்த ஆண்டு அவர் அனுப்பிய வரைபடங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக, கோடுகள் தடித்துக்கொண்டே வந்தன. பேனாவை மாற்றியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை, தோட்டத்துக்குக் கிளம்பும் முன் ஒரு கடையில் பசியாறினோம். ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்தவர் என் பேச்சைக் கேட்டதும் கையை நிறுத்திவிட்டார். புதுக்கோட்டைக்காரர். “ஊருல மழையாக்கா?” என்றார். நான் வந்த அன்று இல்லை என்றேன். அவர் ஊர் நாகர்கோவிலிலிருந்து எத்தனையோ தூரம். ஆனாலும் அந்தப் பதிலில் அவருக்கு ஏதோ குறைந்துபோன மாதிரி முகம் வாடியது. அக்கா ‘தே ஓ கொசோங்’ என்றார். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். கொசோங் என்றால் மலாயில் காலி, வெறுமை. எங்கள் காலி ஓடுகளுக்கும் அவர் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்.

ஜாசின் பக்கம் உள்ள அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது முழுக்கச் செம்பனை. பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் கசிகிற ஒரு செங்கல் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் சுவரில் படர்ந்த பாசியில்தான் அக்கா அந்த ஓடுகளை முதலில் கண்டார். வேறெங்கும் கிடைக்கவில்லை, சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இடத்தில் தேடியிருக்கிறார்.

செம்மண் பாதையின் புழுதியில் காடி புதைந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளிகள் சிலர் வந்து தள்ளினார்கள். அவர்களில் ஒருவரிடம் மணியம் அண்ணன் மலாயில் தொட்டியைப் பற்றி விசாரித்தார். அவர் அரிவாள் பிடியால் ஒரு திசையைக் காட்டி ஏதோ சொன்னார். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவே நேரமானது.

“என்னா சொல்றான்?” என்றார் அக்கா.

“லாரி போறதுக்கு ரோடு போட்டாங்களாம். ஸ்டோரு, தொட்டி எல்லாத்தையும் ஒடச்சிட்டாங்களாம்.”

அக்கா கதவைத் திறந்து இறங்கி, குடையைத் தரையில் ஊன்றி, அந்தத் தொழிலாளி காட்டிய திசையில் நடக்க ஆரம்பித்தார்.

தொட்டி இருந்த இடத்தில் சரளை. ஓரத்தில் செங்கல் குவியல், மேலெல்லாம் காட்டுக்கொடி. நேற்றைய மழை குருபோங்கோடு நின்றுவிட்டது போலும். கல் தொட்டால் சுட்டது. அக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகத் தடவினார். சிமெண்டுப் பூச்சுள்ள ஸ்டோர்க் கற்களை ஒதுக்கினார். பூச்சு இல்லாத கல் ஒன்றில் அவர் விரல் நின்றது. கறுத்து, சுருண்டு, தேங்காய் நார் போல் ஆகிவிட்ட பாசி. “காஞ்சி போச்சா?” என்றார்.

“நல்லா காஞ்சிருக்குக்கா.”

“செத்திருச்சின்னு சொல்லாத. காஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லு.”

அவர் சொன்னது சரி. ஈரம் போனால் இந்த அமீபாக்கள் ஓட்டுக்குள்ளேயே உருண்டு, உறை போர்த்து, உறங்கிவிடும். தண்ணீர் பட்டால் சில எழும். எல்லாம் எழாது.

அவருடைய அப்பா பால்மரம் சீவியது இதே தோட்டத்தில்தான் என்பது எனக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த இடம். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது. “இங்க வந்தா பழசெல்லாம் ஞாபகம் வருமாக்கா?” என்றேன்.

“கொசு கடிச்சதுதான் ஞாபகம் வரும். நீ பாசிய எடு, வெயில் ஏறுது.”

வீட்டின் பின்னறையில் அவருடைய நுண்ணோக்கி இருந்தது. கல்லூரியினுடையது அல்ல, சொந்தமாக வாங்கியது. மேலே துணி போர்த்தி வைத்திருந்தார். பாசியைச் சிறு தட்டுகளில் பிரித்து, கொதித்து ஆறிய மழைநீரை ஊற்றினோம். பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை.

நான் பார்ப்பேன், அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சொட்டுக்கும், “என்னா?” என்பார். “கொசோங்” என்பேன். அடுத்த சொட்டு. “கொசோங்.” சில நேரம் கூஜா வடிவமே இருக்காது, வேறு வகை ஓடுகள், புழு, வெறும் மணல். கண் வலித்து நான் எழுந்தால் அவர் கையை நீட்டி நுண்ணோக்கியின் குமிழைத் தொட்டுக்கொண்டிருப்பார். திருக மாட்டார்.

என்னை வீட்டிலேயே அடைத்து வைக்கிறோமே என்று மணியம் அண்ணனுக்கு வருத்தம். ஒரு நாள் மத்தியானம் மலாக்கா டவுனுக்கு அழைத்துப் போனார். அக்கா வரவில்லை. பூவும் பொம்மையும் ஜோடித்த முச்சக்கர வண்டிகள் பாட்டைக் கத்திக்கொண்டு சுற்றுலாக்காரர்களைச் சுமந்து போயின. வண்டி மிதிப்பவர்களின் முகத்தில் அந்தப் பாட்டின் சாயல்கூட இல்லை. கன்னியாகுமரியில் சங்கு விற்பவர்களை நினைத்துக்கொண்டேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசம் நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

திரும்பும்போது அண்ணன் கேட்டார். “மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அந்தப் பூச்சிக்கு அவ பேர வைக்க முடியாதா?”

“எழுதுறவங்க தன் பேரையே வச்சிக்கிறது வழக்கமில்லண்ணே. அசிங்கமா நெனப்பாங்க.”

“அவ எழுதலேன்னா?”

“அப்ப வைக்கலாம். நான் மட்டும் எழுதினா, நான் அவங்க பேர வைக்கலாம்.”

அவர் ஒரு லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டினார். “அவளுக்கு இனிமே வேற எதுவும் வராது மா” என்றார். அது எனக்கும் தெரிந்திருந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் அது எழுந்தது. சாய்ந்த கழுத்துக் கூஜாவுக்குள் பழுப்பாக ஏதோ நிறைந்திருந்தது. வாயருகே ஒரு நடுக்கம். முதலில் என் கண்ணிமை முடி என்று நினைத்தேன். பிறகு அது நீண்டது. கண்ணாடியை உருக்கி இழுத்த மாதிரி ஓர் இழை. அதிலிருந்து கிளையாக இன்னொன்று. நுனிக்குப் போகப் போகக் கண்ணுக்குத் தப்புகிற மெலிவு. கொஞ்ச நேரம் கழித்து அந்த இழைகள் இறுகின. அத்தனை மணலையும் சுமந்த ஓடு ஒரு துளி முன்னால் நகர்ந்தது.

வாழ்க்கையில் நான் எதற்காக இதைப் படிக்க வந்தேனோ அது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த முதல் மனுஷி நான்தான். சந்தோஷம் வந்தது, வந்த கையோடு பக்கத்து நாற்காலியும் நினைவுக்கு வந்தது.

“என்னா?” என்றார் அக்கா. நான் கொசோங் என்று சொல்லாததை வைத்தே அவருக்குப் புரிந்திருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு நெருங்கி வந்தார்.

“உயிரோட இருக்குக்கா. நடக்குது.”

அவர் என் தோளைப் பிடித்தார். “கால்?”

“நூலுக்கா.”

கை அப்படியே இருந்தது. “எத்தன பாத்தே?”

“இது ஒண்ணுதான்.”

“ஒண்ணு பத்தாது.”

மேலும் தேடினேன். அன்று மாலைக்குள் இன்னொன்று, மறுநாள் காலையில் வேறு சில. எல்லாம் நூல். அவர் எழுந்து போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னார்:

“நீ மொதல்லேர்ந்தே நூலுன்னுதான சொன்னே.”

கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. பார்த்தேனா, பார்க்க விரும்பினேனா என்று கேட்கிறார். நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அவரிடம் என் வார்த்தையைத் தவிர வேறெதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

சாயங்காலம் அண்ணன் எங்களைக் கிளேபாங் கடற்கரைக்கு இழுத்துப் போனார். வீட்டில் இருந்த இறுக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. சாலையோரக் கடையில் இளநீரையும் வழுக்கையையும் ஐஸ்கிரீமோடு அடித்து, மேலே இன்னொரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல கூட்டம். அக்கா என் கோப்பையிலிருந்து ஒரே ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடல் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. எங்கள் கடல் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். இதைக் கடல் என்று சொல்லவே மனம் வரவில்லை.

“எம் பேர எடுத்துடு” என்றார் அக்கா. “நீயே எழுது. பாக்காதத பாத்தேன்னு கையெழுத்துப் போட எனக்கு முடியாது.”

அண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டார். “அப்படின்னா நல்லதுதான் லா. தங்கச்சி சொல்லுச்சி, நீ எழுதலேன்னா அந்தப் பூச்சிக்கு ஒன் பேரையே வைக்கலாமாம்.”

அக்கா முகத்தைத் திருப்பினார். என் பக்கம் என்று நினைத்துத் திருப்பினார். உண்மையில் எங்கள் இருவருக்கும் நடுவே பார்த்தார்.

“ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்களா?”

“இல்லக்கா, அண்ணன் கேட்டாரு, நான்…”

“அது செத்தவங்களுக்கு வைக்கிறது பிரேமா. இல்ல, வேல செய்ய முடியாம போனவங்களுக்கு. ரெண்டுல நான் எது?”

அண்ணன் தலைகுனிந்து காலால் மணலைக் கிளறினார். நான் கோப்பையில் உருகிப்போன ஐஸ்கிரீமைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

டிவி யோசனை அண்ணனுடையது. மறுநாள் வேலைக்குப் போகாமல் நின்று, கூடத்துச் சுவரிலிருந்த பெரிய டிவியையும், நுண்ணோக்கியின் கண்ணாடியில் கட்டிய என் போனையும் எப்படியோ இணைத்துவிட்டார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த டிவி மட்டும் சுவர் அளவு. “இதுல தெரியுதான்னு பாரு” என்று அக்காவை மிக அருகில் உட்கார வைத்தார். ஜன்னல்திரைகளை இழுத்து மூடினோம்.

நான் பின்னறையில் ஓர் உயிருள்ள ஓட்டைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். திரை முழுக்க அது. அக்கா தலையைச் சாய்த்து, கறுப்புத் திட்டுக்கு வெளியே உள்ள ஓரத்தால் பார்த்தார். கையை நீட்டித் திரையைத் தொட்டார்.

“பழுப்பா… சாஞ்சி நிக்குது. கழுத்து இங்க.”

“ஆமாக்கா.”

“கால் வெளிய வந்திருக்கா?”

“வந்திருக்கு. உங்க வெரலுக்குக் கீழயே இருக்கு.”

அவர் விரல் அந்த இழையின் மேலேயே ஊர்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார் கடைசியில். “வெரலா இருந்தா நெழலாச்சும் தெரியும்னு சொல்லலாம். அதுவும் நிச்சயமில்ல. வெரலும் கண்ணாடி மாதிரிதான இருக்கும்.”

நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்; சொல்லத் துணியவில்லை. அவரே சொல்லிவிட்டார்.

பிறகு திரையைப் பார்த்தபடியே என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களைச் செய்முறைத் தேர்வில் கேட்ட குரல் அது. நுனி மழுங்கலா, கூரா? கிளை பிரிகிறதா? எங்கிருந்து பிரிகிறது? இழைக்குள் துகள் ஓடுகிறதா? ஓடு நகர்வதற்கு முன் இழை எவ்வளவு நீள்கிறது? நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“ஒரு நூலும் இன்னொரு நூலும் ஒட்டிச் சேருதா, வலை மாதிரி?”

சேர்ந்திருந்தால் எனக்கு நல்லது. நான் முன்பே எழுதிவைத்திருந்த குடும்பத்தில் அதைத் தயக்கமில்லாமல் சேர்த்திருக்கலாம். அக்காவுக்கும் அது தெரியும்.

“சேரல” என்றேன்.

“நல்லா பாரு.”

பார்த்தேன். “பக்கத்துல வருது. தொடுது. ஆனா ஒட்டல. அப்படியே தனியா போயிடுது.”

“நேத்திக்கிப் பாத்ததுல?”

“எதுலயும் சேரலக்கா.”

“அப்ப நீ சொன்ன குடும்பமும் இல்ல.”

“இல்ல போல.”

அவர் கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். திரையில் ஓடு மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் போய்த் திருப்பி நடுவில் வைக்கவில்லை.

“நான் எழுதுனது அத்தனையும் தப்பு” என்றார். அழவில்லை. சேலை நுனியால் கண்ணாடியை மட்டும் துடைத்தார், அதனால் என்ன பயன் என்று தெரிந்தும். “தட்டு மட்டும் நிக்கும். அந்தத் தட்டு நெசம்.”

“தட்டுதான்கா பேரினமே.”

“எம் பேரு மேல இருக்கட்டும். எழுதுனவங்க வரிசையில. பூச்சி பேருக்குள்ள வேணாம்” என்றார். “ஆனா ஒரு வரி போடணும். உயிரோட பாத்தது ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு.”

“அப்படி யாரும் எழுத மாட்டாங்கக்கா.”

“நாம எழுதுவோம்.”

கிளம்பும் நாளில் அவர் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. கண்ணில் ஊசி போடும் நாள் அது. வாசலில் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, காடிச் சத்தம் போகிற பக்கமாகக் கையசைத்தார். மீதிப் பாசி தட்டுகளில் இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன் என்று அண்ணன் சொன்னார். அதைப் பார்க்க அந்த வீட்டில் இனி ஆள் இல்லை என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

நாகர்கோவிலில் உட்கார்ந்து கட்டுரையைத் திருத்தி எழுதினேன். நூல்கால் கூட்டத்தில், எந்தக் குடும்பத்திலும் சேராத புதிய பேரினம். கழுத்துக்குள் தட்டுள்ளது என்ற பொருளில் ஒரு கிரேக்கப் பெயர். இரண்டாம் பெயர் மலாக்காவினுடையது. கண்டெடுத்த இடம் என்ற பகுதியில், அந்த இடம் இப்போது இல்லை என்று எழுத வேண்டியிருந்தது.

மதிப்பீட்டாளர் இந்த முறை ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு வரி மட்டும் வழக்கத்துக்கு மாறானது, தேவையும் இல்லை, நீக்கிவிடலாம் என்றார். அக்காவிடம் போனில் சொன்னேன். “எடுத்தா எம் பேரையும் சேத்து எடுத்துடு” என்றார். நான் எடுக்கவில்லை. இடது கண்ணிலும் ரத்தம் கசிந்துவிட்டதென்று அதே போனில்தான், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

கட்டுரை வெளியானதும் அனுப்பிவைத்தேன். அன்று மாலை அவர்களே கூப்பிட்டார்கள். மணியம் அண்ணன் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பது கேட்டது. தலைப்பு. பிறகு பெயர்கள், முதலில் அக்காவினுடையது. லத்தீன் சொற்களில் அவர் தடுக்கி விழும்போதெல்லாம் அக்கா எடுத்துக்கொடுத்தார். நடுவில் அந்த வரி வந்தது. உயிருள்ள நிலையில் இந்த உயிரியைக் கண்டவர் ஆசிரியர்களில் ஒருவர் மட்டுமே. அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அண்ணன் வாசித்தார்.

“சரியா இருக்கு” என்றார் அக்கா. “மேல படிங்க.”